ஒரு ரூபாயின் விளிம்பில் இரண்டு வெட்டு

"இந்தக் காசு வேணாம்மா, வேற குடு" என்று கீரை வாங்க வந்த நர்சம்மா ஒரு ரூபாயைத் திருப்பி நீட்டினார்.

லட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கை அரைக்கீரைக் கட்டைப் பைக்குள் இறக்கியது. மறு கை அந்தக் காசை வாங்கிச் சாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து இன்னொரு காசை எடுத்துக் கொடுத்தது. ஆடி மாதத்திலிருந்து அவளுடைய கைகள் இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தன, அவளை ஒரு வார்த்தை கேட்காமல். சோறு வடித்தன, கீரை கட்டின, சில்லறை கொடுத்தன. எதிலும் தப்பு வரவில்லை. அதனால் லட்சுமி தேறிவிட்டாள் என்று பெரிய மார்க்கெட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எதிரே வெற்றிலைக் கடையில் இருந்த யாகூப் பாய்க்கு மட்டும் அதில் சந்தேகம் தீரவில்லை. அதனால் தினமும் எதையாவது சொல்லி அவள் வாயைக் கிளறிப் பார்ப்பார்.

"என்ன லட்சுமிம்மா, கள்ளக் காசு அடிக்க ஆரம்பிச்சிட்டியா? சொல்லியிருந்தா நானும் பங்குக்கு வந்திருப்பேன்ல."

அவள் சிரிக்கவில்லை. காசை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். மழை பிடித்துக்கொண்ட கார்த்திகை மாதம். கூரைத் தகரத்தின் இடுக்கில் சொட்டிய தண்ணீருக்குக் குனிந்துகொண்டே அவர் வந்து வாங்கிப் பார்த்தார்.

சாதாரண ஸ்டீல் ஒரு ரூபாய். ஒரு பக்கம் புதுசு மாதிரி பளபளத்தது. மறு பக்கத்தில் பால் காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒரு ஏடு. எழுத்தும் தெரியவில்லை, படமும் தெரியவில்லை. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பக்கம் பக்கமாக இரண்டு சின்ன வெட்டு, எலி கடித்த மாதிரி.

பாய் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்த வெள்ளையைத் தேய்த்தார். பிறகு நகத்தால் சுரண்டினார்.

"சுண்ணாம்பு இல்ல. சுண்ணாம்புன்னா எச்சி பட்டதும் இளகிடும். இது அசைய மாட்டேங்குது."

"பின்ன என்னா?"

நாலு மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, "வண்டி பேட்டரி மேல கெடந்திருக்கும். ஆசிட் பொங்கி வெள்ளையா பூக்கும்ல, அது" என்றார். "எனக்கென்ன தெரியும். உன் புள்ள கெமிஸ்ட்ரிகிட்ட குடு. மனுசன் மூட்டை தூக்கிப் படிக்க வச்சது எதுக்கு?"

அவர் போன பிறகு லட்சுமி அதைத் தகர இடுக்கில் வந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெள்ளை ஏட்டுக்குள், நடுவில், ஒரு பொட்டு அளவுக்குச் சிவப்பு தெரிந்தது.

குங்குமம்.

அவள் காசைப் பையில் போடவில்லை. முந்தானையில் தனியாக முடிந்துகொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வில்லியனூருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் யார் யார் நிலத்திலோ வரப்பு ஓரம் அண்டை வெட்டிக்கொண்டிருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு லட்சுமியைக் கூட்டிக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்கு வந்தார். விடிகாலையில் லாரி மூட்டைகளில் கை வைப்பதற்கு முன்னால் பெண்டாட்டியின் கீரை மூட்டையைத்தான் முதலில் தூக்கிக் கொண்டுவந்து போடுவார். மற்ற தூக்குக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "போணி எங்க பண்றதுன்னு எனக்குத் தெரியும், நீங்க போங்கடா" என்பார்.

ஒரே பிள்ளை வெற்றிச்செல்வன். அவர்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதுவும் சும்மா மிதித்துவிட்டு வரவில்லை. லாஸ்பேட்டையில் பி.எஸ்சி. வேதியியல், முதல் வகுப்பு. பட்டம் வாங்கிய போட்டோவைப் பெரிசாகப் போட்டுச் சட்டம் அடித்து வீட்டுக்கு எடுத்துவந்தபோது, நேராக வராமல் மார்க்கெட் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வந்தார் கலியமூர்த்தி. அன்றிலிருந்து மார்க்கெட்டில் வெற்றிக்குப் பெயர் கெமிஸ்ட்ரி. "கெமிஸ்ட்ரி எப்படி இருக்கான்?", "கெமிஸ்ட்ரிக்கு ஐதராபாத்ல வேலையாமே?" அதைக் கேட்கும்போதெல்லாம் தலையில் இருக்கும் மூட்டை இறங்கிவிட்ட மாதிரி நிற்பார்.

ஆடியில் ஒரு நாள் காலை, இடுப்பு வலிக்கிறது, கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்று மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போனார். படுத்தவர் எழவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து போன் யாகூப் பாய்க்குத்தான் வந்தது. பாய் விஷயத்தைச் சொல்லாமல், "ஊட்டுக்குப் போ, லட்சுமிம்மா. கீரைய நான் பாத்துக்கறேன்" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார். இடுப்பில் செருகிய சுருக்குப் பையோடு போனாள். பைக்குள் அன்றைய சில்லறை, வெற்றிலைக் காம்பு, கீரை வேர் நறுக்கும் சின்னக் கத்தி.

அதற்குப் பிறகு அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான். தெருவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐஸ் பெட்டியின் உறுமல். யாரோ வாயில் வைத்த காபி. பையனுக்காகக் காத்திருந்தது. மறுநாள் காலை வெற்றி ஐதராபாத்திலிருந்து வந்து இறங்கி, பெட்டிக் கண்ணாடிமேல் கையை விரித்து வைத்தபடி நின்றது. பிறகு பெட்டியைத் திறந்தார்கள். "நெத்திக் காச எடும்மா" என்றது ஒரு குரல். அவள் கை அவருடைய நெற்றிக்குப் போனது.

அவ்வளவுதான். அதோடு ஞாபகம் நின்றுவிட்டது. அடுத்து அவளுக்குத் தெரிவது காலியான வீடும் கழுவிவிட்ட தரையும்தான்.

கலியமூர்த்தியின் பங்காளிகள் வழக்கத்தில் நெற்றிக் காசை உடம்போடு அனுப்ப மாட்டார்கள். பாடையில் ஏற்றுவதற்கு முன்னால் பெண்டாட்டி அதை எடுக்க வேண்டும். எடுத்து அரிசிப் பானையில் போட்டுவைக்க வேண்டும். போனவர் வீட்டை விட்டு முழுசாகப் போகவில்லை என்று அதற்கு அர்த்தம். கலியமூர்த்தியின் அப்பாவுடைய நெற்றியில் வைத்த பழைய பெரிய ஒரு ரூபாய் இன்றைக்கும் கலியமூர்த்தியின் தங்கச்சி துர்கா வீட்டு அரிசி டின்னில் கிடக்கிறது. ஒவ்வொரு முறை அரிசி அளக்கும்போதும் துர்கா அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் படி போடுவாள்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்றே துர்கா அண்ணன் வீட்டு அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"அண்ணி, காசு எங்க?"

"தெரியல."

"தெரியலன்னா? எடுத்தியா, எடுக்கலயா?"

"தெரியல, துர்கா."

கருமாதி அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது துர்கா அதை உரக்கவே சொன்னாள். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சரி, அது அவங்க அவங்க மனசு. எங்கண்ணன் நெத்திக் காச எடுக்கணும்னு கூடவா ஒரு பொண்டாட்டிக்கு நெனப்பு வராது? எரிய உட்டுட்டாங்க. இல்லன்னா கீரைக் காசோட கொட்டி எவனுக்கோ சில்லறை குடுத்துட்டாங்க." துர்காவின் வீட்டுக்காரர் ராஜா தலையைக் குனிந்துகொண்டு இலையில் ஒட்டியிருந்த பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லட்சுமிக்குக் கோபம் வரவில்லை. துர்கா கேட்டதைத்தானே அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இந்தக் கை அந்தக் காசை எடுத்ததா, இல்லை அவரோடு எரிய விட்டுவிட்டதா? அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. தெரிந்தவர் யாருமில்லை. அந்த நேரத்தில் அவளைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி வாசலில் பாடை கட்டும் இடத்தில் இருந்தான்.

அப்பா போன பிறகு வெற்றி ஐதராபாத் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டான். இப்போது ஊருக்கு வெளியே ஒரு மாத்திரைக் கம்பெனியில், மருந்தைச் சோதித்துப் பார்த்து அனுப்பும் லேபில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவன் முன்னால் லட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்தாள்.

"இதுல என்னா ஆயிருக்குன்னு பாரு."

"எங்க கெடச்சுதும்மா?"

"நம்ம பையிலதான். வாங்குன அம்மா வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஒரு ரூபாதான, போனா போவுது. பொட்டிக்கடையில குடுத்தா வாங்கிப்பான்."

"பாருன்னா பாரேன்."

அந்தக் குரலில் என்னவோ இருந்தது. அவன் டீயை ஓரம் வைத்தான். லேபில் எந்தச் சரக்கு வந்தாலும் கை வைப்பதற்கு முன் படம் எடுத்து வைப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தில் போனைக் காசுக்குக் கிட்டே கொண்டுபோய் இரண்டு படம் எடுத்துக்கொண்டான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து காசைப் புரட்டினான்.

"நெருப்புல கெடந்துருக்குமா?" என்று லட்சுமி கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"நெருப்பா? இல்லம்மா. நெருப்புல விழுந்திருந்தா ஸ்டீல் அங்கங்க நீலமும் பழுப்புமா நெறம் மாறிடும். இதோ, இந்தப் பக்கம் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இது சூடே பாக்கல."

"பாய் ஆசிட்டுன்னாரு."

"ஆசிட்னா காசையே அரிச்சிருக்கும். குழி குழியா இருக்கும். இது காசுக்கு மேல ஏதோ படிஞ்சிருக்கு, அவ்ளோதான்."

குழம்புக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழ மூடியை எடுத்து ஒரு சொட்டுப் பிழிந்தான். நுரைக்கவில்லை. "சுண்ணாம்பும் இல்ல, உப்புத் தண்ணிக் கறையும் இல்ல." வெந்நீரில் போட்டு எடுத்தான். ஏடு அப்படியே இருந்தது. சேஃப்டி பின்னால் ஓரத்தில் கீறினான். தூளாக உதிராமல் பிளாஸ்டிக் மாதிரி சுருண்டு வந்தது. அவன் முகம் கொஞ்சம் மாறியது. எழுந்து மாடிப்படிக் கீழே நின்று குரல் கொடுத்தான்.

"கவிநிலா, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி வச்சிருக்கியா?"

மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குண்ணா? என்ன கலர் போட்டிருக்கீங்க, காட்டுங்க பாப்போம்."

"குடு, சொல்றேன்."

அவள் கொண்டுவந்து கொடுத்த குப்பியிலிருந்து பஞ்சில் நனைத்து, முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்துப் பார்த்தான். வெள்ளை ஏடு முதலில் பிசுபிசுத்தது, பிறகு பஞ்சோடு வந்தது. மெதுவாக முழுக்கத் துடைத்தான். எழுத்து வந்தது. படம் வந்தது. கடைசியில் நடுவில் இருந்த சிவப்பும் பஞ்சில் ஏறிக்கொண்டது.

"பசைம்மா. தொட்டா வெரல் ஒட்டிக்குமே, அந்தக் குட்டி டியூப் பசை. ஈரத்துல போட்டா இப்படித்தான் வெள்ளையா பூத்துக்கும்." கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அவன் குரல் ஏறியிருந்தது. "ஆனா காசப் போயி எவன் இந்தப் பசையால ஒட்டுவான்? அதுவும் குங்குமத்துமேல."

லட்சுமி பஞ்சில் இருந்த சிவப்பைப் பார்த்தாள்.

"உங்கப்பா நெத்தில" என்றாள்.

"காசு ஒட்ட அங்க சந்தனம்தான வச்சிருப்பாங்க" என்றான் அவன்.

"யாரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியல. ராஜாதான் பக்கத்துலயே இருந்தாரு."

வெற்றி போனை எடுத்து ராஜாவைக் கூப்பிட்டு, அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா நெத்தியில காச எதால ஒட்டுனீங்க?"

அந்தப் பக்கம் பஜ்ஜி போடுகிற சத்தமா, மழையா என்று தெரியாத ஓர் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"துர்கா பக்கத்துல இல்லல்ல அங்க?"

"இல்ல மாமா."

ராஜா குரலைத் தாழ்த்தினார். "சந்தனம் நிக்கலப்பா. ஐஸ் பொட்டிய தெறக்கத் தெறக்க உள்ள வேர்த்து ஊத்துது. காசு வழுக்கிக்கினு காது பக்கம் ஓடிடுது. வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கறாங்க. ஒருத்தரு, என்னய்யா மாலைக்குள்ள காசு உழுந்து கெடக்குதுன்றாரு. நீ வர விடிஞ்சிடும்னாங்க. ராத்திரி பூரா எத்தினி தடவ எடுத்து எடுத்து வைக்கிறது? அதான் சைக்கிள் கடைல ஒரு டியூப் வாங்கியாந்து, ஒரே ஒரு சொட்டு."

"மாமா."

"சொட்டுதான்பா வச்சேன். மறுநாளு எடுக்கணுமேன்னு அப்ப தோணல. எடுக்கறப்ப அண்ணி கைய வச்சி இழுத்தாங்க, வரல. நான் பாத்துட்டேன். பாத்துட்டு வெளியில போயிட்டேன், நிக்க முடியல. வரலன்னு உட்டுட்டாங்க, எரிஞ்சிப்போச்சின்னுதான் நெனச்சிக்கினு இருக்கேன்."

"இத அத்தைகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு நான் எங்க போயி சாப்புடறது? அது அண்ணிய திட்டறப்பல்லாம் எனக்குத்தான் சோறு எறங்கல, தெரியுமா."

"காசு எரியல மாமா. இங்க இருக்கு, என் கையில."

கொஞ்ச நேரம் அந்த இரைச்சல் கேட்டது. பிறகு ராஜாவே போனை வைத்துவிட்டார்.

வெற்றி காசை மறுபடி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். இப்போது விளிம்பில் இருந்த இரண்டு வெட்டும் தெளிவாகத் தெரிந்தன. "கையால வரலன்னா, ஏதோ கூரா ஒண்ண வச்சி நெம்பி எடுத்திருக்காங்க. ஒரு தடவ வச்சி வழுக்கியிருக்கு. ரெண்டாவது தடவ புடிச்சிருக்கு."

லட்சுமி இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். சில்லறைக்கு அடியில் கையை விட்டுக் கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். விரல் நீளக் கத்தி. நுனி ஒடிந்திருந்தது.

அந்த நுனி ஒடிந்ததைக் காரியம் முடிந்து கடைக்கு வந்த முதல் நாளே அவள் பார்த்திருந்தாள். கீரைக் கட்டுக்குள் கல் இருந்திருக்கிறது என்று நினைத்து, கீரை கொண்டுவரும் வேன்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டிருந்தாள். அந்த ஆளும் பாவம், புருஷனைப் பறிகொடுத்தவள் என்று எதிர்த்துப் பேசவில்லை.

வெற்றி கத்தி நுனியை வெட்டில் வைத்துப் பார்த்தான். உட்கார்ந்தது. ஆனாலும் படித்த படிப்பு அவனை விடவில்லை. "இருக்கலாம்மா. இந்தக் கத்திதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. இதே அளவுல வேற எதுவா இருந்தாலும்..."

"இங்க குடு."

காசை இடது கையால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் கத்தி. நுனியை விளிம்பில் வைத்தாள். வைத்ததும் மணிக்கட்டு ஒரு திருப்புத் திருப்பியது. கீரையின் வேரில் ஒட்டிய மண்கட்டியைப் பெயர்த்தெறிய தினமும் எத்தனையோ தடவை திருப்புகிற அதே திருப்பல். அவள் திருப்ப நினைக்கவில்லை. கையாகத் திருப்பியது. காசு துள்ளி அவள் மடியில் விழுந்தது. மடியில் சுருக்குப் பை வாய் திறந்து கிடந்தது.

இரண்டு பேரும் அந்தப் பையைப் பார்த்தார்கள்.

"எடுத்திருக்கம்மா" என்றான் வெற்றி. "நீதான் எடுத்திருக்க."

"ம்."

அவள் காசையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தக் கத்தியால்தான் இத்தனை மாதமும் கீரை நறுக்கியிருக்கிறாள். இந்தக் காசு இத்தனை மாதமும் இடுப்பிலேயே கிடந்ததா, இல்லை யார் யார் கைக்கோ போய், டீக்கடை, பஸ், உண்டியல் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததா என்பதை எந்தப் படிப்பாலும் சொல்ல முடியாது. அதை அவள் கேட்கவும் இல்லை. கேட்டது வேறு.

"ரத்தம் வந்திருக்குமா?"

"வராதும்மா. உசுரு போன பிறகு ரத்தம் ஓடாது. அதுவும் ஐஸ்ல வச்சிருந்துது."

"தோலு?"

வெற்றி பஞ்சைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டான். லேபில் இருக்கிறதை இருக்கிறபடி எழுதித்தான் பழக்கம். "கொஞ்சம் வந்திருக்கும்மா" என்றான்.

அவள் தலையாட்டினாள். மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி.

"அந்த வெள்ளையெல்லாம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. தொடச்சாதான என்னான்னு தெரியும்?" அப்போதுதான் அவனுக்கே அது உறைத்தது. போனைத் திறந்து முதலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "இதோ இருக்கும்மா. தொடைக்கறதுக்கு முன்னாடி எடுத்தது."

வெள்ளை ஏட்டில், பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, பக்கம் பக்கமாக மூன்று மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடின. துணியின் நெசவு பதிந்திருக்கும் என்று வெற்றி முதலில் நினைத்திருந்தான். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. படத்தை மூடிவிடலாமா என்று யோசித்தான்.

லட்சுமி கிட்டே குனிந்து பார்த்தாள். "மூட்டை ஏத்தறப்போ நெத்தியில விழுவும்" என்றாள். "மூணு கோடு."

பிறகு எழுந்து அரிசி களையப் போனாள்.

"காச அரிசிப் பானையில போட்டுடட்டுமாம்மா?" என்று அவன் கூப்பிட்டுக் கேட்டான்.

"பையில போடு."

"எந்தப் பையில? சில்லறையோடயா? மறுபடியும் யாருக்காவது குடுத்துடப் போற."

"மாட்டேன்."

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வியாபாரம் மும்முரமாக இருந்த நேரத்தில் துர்கா வந்தாள். அண்ணி என்று கூப்பிடவில்லை. செருப்பைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, சாக்கின் மறுமுனையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த சிறுகீரையைச் சேர்த்துத் தட்டி ஒழுங்குபண்ண ஆரம்பித்தாள். எதிரே யாகூப் பாய் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு, பார்க்காதவர் மாதிரி மறுபடி தெளித்தார்.

"அவரு சொன்னாரு" என்றாள் துர்கா.

"ம்."

"ராத்திரி சோத்துத் தட்ட வச்சிட்டு அழுவறாரு. என்னான்னு கேட்டா, பசைன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் முழுசா சொன்னாரு." ஒரு கட்டை வாழை நாரால் இறுக்கிக் கட்டினாள். "அந்த மனுசன நான் என்ன சொல்றது. ஆணி அடிக்காம உட்டாரே."

லட்சுமி ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து வேரை நறுக்கினாள். துர்காவின் கண் அந்தக் கத்திமேல் போய் நின்றது.

"இதுவா?"

"ம்."

"எனக்கெல்லாம் மனசு வந்திருக்காது, அண்ணி."

பாராட்டா, குற்றமா என்று பிரிக்க முடியாத மாதிரிதான் அது வந்தது. துர்காவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். லட்சுமி அதைப் பிரித்துப் பார்க்கவும் முயலவில்லை.

"காட்டு, பாக்கறேன்" என்றாள் துர்கா.

லட்சுமி ஒரு கையில் கீரையைப் பிடித்தபடியே மறு கையை இடுப்புப் பைக்குள் விட்டாள். காலையிலிருந்து சேர்ந்த சில்லறை உள்ளே சலசலத்தது. கட்டைவிரல் ஒவ்வொரு விளிம்பாகத் தடவிக்கொண்டு போய், ஓரிடத்தில் நின்றது. எடுத்துக் கொடுத்தாள்.

துர்கா அதை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ஒண்ணுமே இல்லயே, அண்ணி. எல்லாக் காசு மாதிரிதான இருக்கு. எப்பிடி இதுதான்ற?"

லட்சுமி அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து விளிம்பில் வைத்து அழுத்தினாள். முதல் வெட்டு. பக்கத்தில் இரண்டாவது. துர்கா விரலை எடுக்கவில்லை. அங்கேயே வைத்திருந்தாள். மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"அரிசிலதான் போடணும், அண்ணி."

"இதுலதான் அரிசி வாங்கறேன்" என்று லட்சுமி பையைத் தொட்டுக் காட்டினாள்.

துர்கா மெதுவாக விரலை எடுத்தாள்.

"அரைக்கீரை எப்பிடிம்மா?" என்று ஒருவர் மேலே நின்று குனிந்தார். துர்கா விலையைச் சொல்லிக் கட்டை எடுத்து நீட்டினாள். லட்சுமியின் கை துர்காவிடமிருந்து காசைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தது. இந்த முறை கை செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.